வருமானம் பருவத்துக்கு, கட்டணம் மாதத்துக்கு

கிராமத்துக் குடும்பம் பெரும்பாலும் மாதச் சம்பளத்தில் ஓடுவதில்லை. அறுவடை முடிந்தால் ஒரு தொகை, ஆடு விற்றால் ஒரு தொகை, நூறு நாள் வேலைக் கூலி கணக்கில் ஏறும்போது ஒரு தொகை, திருப்பூரில் இருக்கும் பிள்ளை அனுப்பினால் ஒரு தொகை. நடுவில் வெறுங்கையாக இரண்டு மூன்று மாதம் போவதும் உண்டு. கட்டணங்கள் அந்த இடைவெளியைப் பார்ப்பதில்லை. மாதம் பிறந்தால் கேபிள்காரர் வந்து நிற்பார். செல்போன் 28 நாளில் ஓய்ந்துவிடும். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஈ.பி. பில். இதற்கிடையில் தண்ணீர் வரி, வீட்டு வரி, கேஸ்.

ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் சின்னத் தொகைதான். அதனால்தான் யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. நூறு நாள் வேலையில் தமிழ்நாட்டுக்கு 2025-26ஆம் ஆண்டு நிர்ணயித்த நாள் கூலி 336 ரூபாய். முதியோர் ஓய்வூதியம் மாதம் 1,200. இந்த இரண்டு எண்களையும் மனதில் வைத்துக்கொண்டு இந்த அத்தியாயத்தைப் படியுங்கள். நகரத்தில் மாதச் சம்பளக்காரருக்கும், தனியாக வாழும் பாட்டிக்கும் கேபிள் கட்டணம் ஒன்றுதான். அதன்மேல் போடப்படும் 18 சதவீத ஜிஎஸ்டியும் ஒன்றுதான். வருமானத்தைப் பாராமல் வீட்டுக்கு இவ்வளவு என்று வாங்கும் எந்தக் கட்டணமும் இல்லாதவர்களைத்தான் அதிகம் வாட்டும். அதை மாற்றுவது அரசின் கையில் இருக்கிறது. அதுவரை நம் கையில் இருப்பது என்ன என்று பார்ப்போம்.

வருடத்துக்கு எவ்வளவு?

பழைய நோட்டில் ஒரு பக்கம் போதும். கேபிளை 12ஆல் பெருக்குங்கள். செல்போன் ரீசார்ஜை 12ஆல் அல்ல, 13ஆல் பெருக்குங்கள். 28 நாள் என்பது மாதம் இல்லை, வருடத்தில் 13 முறை வரும். மின் கட்டணத்தை 6ஆல் பெருக்குங்கள். தண்ணீர் 12. வீட்டு வரி வருடத்துக்கு எவ்வளவோ அவ்வளவு. கேஸ் சிலிண்டரைத் தனியாக எழுதுங்கள், ஏனென்றால் விறகும் சேர்த்து எரிக்கும் வீடுகளில் அது வீட்டுக்கு வீடு மாறும்.

மாதிரிக்கு ஒரு குடும்பம். கேபிளுக்கு மாதம் 221 ரூபாய். ஒரு ஸ்மார்ட்போன், 300 ரூபாய் வகை ரீசார்ஜ். ஒரு பட்டன் போன், 200 ரூபாய் வகை. மின்சாரம் இரண்டு மாதத்துக்கு 300 யூனிட்; 2022 விகிதப்படி 675 ரூபாய். தண்ணீர் மாதம் 50. வீட்டு வரி 200. வருடக் கணக்கு: கேபிள் 2,652. ஸ்மார்ட்போன் 3,900. பட்டன் போன் 2,600. மின்சாரம் 4,050. தண்ணீர் 600. வீட்டு வரி 200. மொத்தம் 14,002 ரூபாய். கேஸ் இதில் சேரவில்லை. நூறு நாள் வேலைக் கூலியில் சொன்னால் 42 நாள் உழைப்பு.

உங்கள் வீட்டுத் தொகைகள் வேறாக இருக்கும். ஆனால் எழுதிப் பார்க்கும்போது ஒன்று கண்ணில் படும். மேலே சொன்ன குடும்பத்தில் டிவிக்கும் போனுக்கும் போவது 9,152 ரூபாய். ஊராட்சிக்குப் போவது தண்ணீரும் வரியும் சேர்த்து 800தான். கை இறுகும்போது முதலில் நின்றுபோவது எது? வீட்டு வரிதான். கட்டாவிட்டால் அன்றே யாரும் எதையும் நிறுத்துவதில்லை என்பதால் அது பின்னால் தள்ளப்படுகிறது. என் கருத்தில் வரிசையைத் தலைகீழாக மாற்ற வேண்டும். ஏன் என்பதை அடுத்துச் சொல்கிறேன்.

வீட்டு வரியை முதலில் கட்டுங்கள்

கிராம ஊராட்சி வீட்டு வரி தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994இன்படி வாங்கப்படுவது. கூரையா, ஓடா, கான்கிரீட்டா என்பதையும் வீட்டின் பரப்பையும் வைத்துத் தொகை வரும். பெரும்பாலான ஊராட்சிகளில் எளிய வீட்டுக்குச் சில நூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். பட்டியலிலேயே மலிவான கட்டணம் இதுதான். அதன் ரசீதுதான் வீட்டில் இருக்கும் காகிதங்களிலேயே அதிகம் கேட்கப்படுவது. மின் இணைப்பை அப்பா பெயரிலிருந்து மகன் பெயருக்கு மாற்ற, குடிநீர் இணைப்பு வாங்க, வங்கிக் கடனுக்கு என்று எங்கே போனாலும் வீட்டு வரி ரசீதைக் காட்டச் சொல்வார்கள். நத்தத்தில் பத்திரமில்லாமல் தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பங்களுக்கு அது இன்னும் முக்கியம். அது உரிமைப் பத்திரம் ஆகாது. ஆனால் இந்த வீட்டில் இத்தனை வருடமாக இவர்கள்தான் இருக்கிறார்கள் என்பதற்கு அது சான்று. இரண்டு மூன்று வருடம் விட்டுவிட்டு, அவசரத்துக்கு ரசீது தேவைப்படும் நாளில் பாக்கி முழுவதையும் சேர்த்துக் கட்ட வேண்டி வரும்போதுதான் அந்தச் சில நூறு ரூபாய் கனக்கும்.

2023 முதல் ஊராட்சி வரிகளை ஊரக வளர்ச்சித் துறையின் இணையதளம் வழியாகவும், ஊராட்சி செயலரிடம் உள்ள கருவியில் கார்டு, யுபிஐ மூலமும் கட்டலாம். பணமாகக் கொடுத்தாலும் கணினி ரசீது கேளுங்கள். பழைய கையெழுத்து ரசீதுகளைத் தூக்கிப் போடாதீர்கள். இணையத்தில் உங்கள் வீடு யார் பெயரில், எந்தக் கதவு எண்ணில், எவ்வளவு பரப்பில் ஏறியிருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. இறந்துபோன தாத்தா பெயரிலேயே வரி ஓடிக்கொண்டிருந்தால், சண்டை சச்சரவு இல்லாத காலத்திலேயே மாற்றிவிடுங்கள்.

தண்ணீர்க் கட்டணத்துக்கும் இப்படியே ரசீது வாங்குங்கள். மாதக் கட்டணத்தை ஊராட்சி தீர்மானம் போட்டு நிர்ணயிக்கும்; ஊருக்கு ஊர் வேறுபடும். 2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் திட்டத்தில், ஊருக்குள் செய்யும் வேலையின் செலவில் ஊர் மக்களின் பங்கு 10 சதவீதம் என்றும், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பாதிக்கு மேல் வாழும் ஊர்களிலும் மலை, வனப்பகுதிகளிலும் 5 சதவீதம் என்றும் வழிகாட்டு நெறி சொல்கிறது. அதைப் பணமாகத்தான் தர வேண்டும் என்றில்லை. பொருளாகவோ உழைப்பாகவோ தரலாம். ஆகவே குழாய் இணைப்புக்கு டெபாசிட் என்று யாராவது ஆயிரக்கணக்கில் கேட்டால் இரண்டே கேள்வி: தீர்மானம் எங்கே? ரசீது தருவீர்களா?

வீட்டை மாற்றிக் கட்டும் குடும்பங்களுக்கு ஒரு குறிப்பு. கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் 3.50 லட்சம் ரூபாய் உதவியோடு குடிசை இருந்த இடத்தில் கான்கிரீட் வீடு எழுகிறது. அன்றோடு இரண்டு கட்டணங்கள் மாறுகின்றன. வீட்டு வரி கூரை வீதத்திலிருந்து கான்கிரீட் வீதத்துக்குப் போகும். குடிசைக்கான இலவச மின் இணைப்பை வீட்டு இணைப்பாக மாற்ற வேண்டும். வீடு கட்டும் பரபரப்பில் இரண்டையும் மறந்துவிட்டு, பின்னால் ஆய்வுக்கு வந்தவர்கள் கண்டுபிடித்தால் பழைய பாக்கியோடு வரும். வீடு குடிபுகும் மாதத்திலேயே நீங்களாகப் போய்ச் சொல்லிவிடுங்கள்.

மின் கட்டணத்தில் இரண்டு வாசற்படிகள்

இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் வீடுகளுக்கு இலவசம் என்பது 2016 மே மாதம் அறிவிக்கப்பட்டது. 2022 செப்டம்பரில் கட்டணம் உயர்ந்தபோது வீடுகளுக்கான நிலைக்கட்டணம் நீக்கப்பட்டது. ஆகவே 100 யூனிட்டுக்குள் நிற்கும் வீட்டுக்குப் பில் பூஜ்யம். தனியாக வாழும் முதியவர்கள் பலர், இரண்டு விளக்கும் ஒரு ஃபேனும் ஒரு டிவியும் மட்டும் வைத்திருந்தால், இந்த எல்லைக்குள்ளேயே இருக்கலாம். இது முதல் வாசற்படி.

இரண்டாவது 500. கூட்டுக்குடும்பங்கள் கவனிக்க வேண்டியது இதுதான். 2022 செப்டம்பர் விகிதத்தை வைத்தே கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். அதன்பின் 2024 ஜூலையில் விகிதம் சற்று உயர்ந்தது. எண்களை மட்டும் மாற்றிக்கொண்டால் முறை அதேதான். மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், 101 முதல் 200 வரை யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, 401 முதல் 500 வரை 6 ரூபாய். 500 யூனிட்டுக்கு 1,725 ரூபாய் வரும். 501 ஆகிவிட்டால் அந்த 2.25 வீதம் போய்விடும். 101இலிருந்தே 4.50 கணக்கு. 500க்கு மேல் 8 ரூபாய். பில் 1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய் கூடுகிறது.

கணக்கெடுக்க வருபவர் தாமதித்தால் என்ன ஆகும் என்பதும் இதிலிருந்தே புரியும். ஒரு வீட்டில் நாளுக்கு 8.2 யூனிட் ஓடுகிறது என்று வையுங்கள். 60ஆம் நாள் எடுத்தால் 492 யூனிட், 1,677 ரூபாய். 63ஆம் நாள் எடுத்தால் சுமார் 516 யூனிட், 2,078 ரூபாய். கூடிய 401 ரூபாயில் 225 ரூபாய் நீங்கள் எரித்த மின்சாரத்துக்கானது அல்ல. எல்லை தாண்டியதால் இழந்த சலுகை. ஆகவே போன முறை எந்தத் தேதியில் கணக்கெடுத்தார்கள் என்று மீட்டர் அருகே எழுதி வையுங்கள். 60ஆம் நாள் மீட்டர் எண்ணைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தாமதத்தால் பில் ஏறியிருந்தால் அந்தப் படத்தோடு பிரிவு அலுவலகத்தில் உதவிப் பொறியாளரிடம் எழுத்தில் கொடுங்கள். மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் எண் 94987 94987. எந்த நேரமும் புகார் பதியலாம், பதிவு எண்ணைக் கேட்டு வாங்குங்கள். அங்கே தீராவிட்டால் மேற்பார்வைப் பொறியாளர் அலுவலகத்தில் உள்ள மின் நுகர்வோர் குறைதீர்க்கும் மன்றம். அதற்கு வக்கீல் தேவையில்லை.

கூட்டுக்குடும்பத்துக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. கலைஞர் மகளிர் உரிமைத் தொகைக்கு 2023இல் வகுத்த விதிகளில், வருடத்துக்கு 3,600 யூனிட்டுக்கு மேல் மின்சாரம் பயன்படுத்தும் குடும்பத்துக்குத் தகுதியில்லை என்பது ஒன்று. அதாவது இரண்டு மாதத்துக்குச் சராசரி 600. பெற்றோரும் இரண்டு மகன்களின் குடும்பங்களும் ஒரே மீட்டரில் இருந்தால் வசதியால் அல்ல, தலை எண்ணிக்கையாலேயே அந்த எல்லை தாண்டும். உண்மையிலேயே தனி அடுப்பு, தனி வாசல், தனிக் கதவு எண் இருந்தால் தனி இணைப்புக்கு விண்ணப்பியுங்கள். இங்கேயும் தனி வீட்டு வரி ரசீதுதான் முதல் சான்று. ஒரே வீட்டுக்குள் சலுகைக்காக மட்டும் இரண்டு இணைப்பு வைத்திருந்தால் ஒன்றாக்கச் சொல்வார்கள். அதற்கு முயல வேண்டாம்.

குறைப்பதற்கு வருவோம். பழைய சீலிங் ஃபேன் சுமார் 75 வாட். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 54 யூனிட். புதிய பிஎல்டிசி ஃபேன் 30 வாட் அளவில் ஓடும். 22 யூனிட்டில் முடியும். மிச்சம் 32 யூனிட், 4.50 வீதத்தில் 144 ரூபாய். நல்ல மிச்சம்தான், ஆனாலும் ஓடுகிற ஃபேனைக் கழற்றிவிட்டுக் கடன் வாங்கிப் புதிது மாட்டச் சொல்ல மாட்டேன். பழையது கெட்டுப்போகும்போது இதை வாங்குங்கள், அது போதும். செலவே இல்லாத மிச்சம் ஒன்று இருக்கிறது. டிவியை ரிமோட்டில் அணைத்தாலும் செட்டாப் பாக்ஸ் இரவு பகலாக மின்சாரம் இழுத்துக்கொண்டே இருக்கும். 10 வாட் என்று வைத்தால் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட். 100 யூனிட்டை ஒட்டி நிற்கும் வீட்டில் அந்த 14 யூனிட்தான் பூஜ்யப் பில்லைக் கெடுக்கும். படுக்கப் போகும்போது சுவரில் உள்ள சுவிட்சை அணையுங்கள்.

டிவிக்கு எவ்வளவு, ஏன்?

வயதானவர்களுக்கு ரேடியோ லைசென்ஸ் நினைவிருக்கும். அஞ்சலகத்தில் வருடா வருடம் பணம் கட்டிப் புதுப்பிக்க வேண்டும். டிவி வந்தபோது அதற்கும் லைசென்ஸ் வந்தது. 1980களின் நடுவில் மத்திய அரசு அந்தக் கட்டணத்தை எடுத்துவிட்டது. பிரிட்டனிலும் அயர்லாந்திலும் வீட்டுக்கு இவ்வளவு என்ற டிவி லைசென்ஸ் இன்றும் இருக்கிறது. அயர்லாந்தில் அது வருடத்துக்கு 160 யூரோ. இங்கே சட்டப்படி டிவி வைத்திருப்பதற்கு ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லை. நாம் கட்டுவது முழுக்க முழுக்க இணைப்புக்கும் அலைவரிசைகளுக்கும்தான். அது கட்டாயம் அல்ல, தேர்வு. இதைத் தெளிவாக மனதில் வைத்துக்கொண்டால் கேபிள்காரரிடம் தயங்காமல் பேசலாம்.

தமிழ்நாட்டில் ஏழை வீடுகளுக்கு டிவி வந்த வழி தனி. 2006 செப்டம்பர் 15 அன்று இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. பெட்டி இலவசமாக வந்தது. மாதக் கட்டணம் கூடவே வீட்டுக்குள் வந்தது. 2011 செப்டம்பரில் அரசு கேபிள் மாதம் 70 ரூபாய்க்குக் கொடுக்கப்பட்டபோது பல குடும்பங்கள் மூச்சுவிட்டன. பிறகு செட்டாப் பாக்ஸ், பிறகு ஜிஎஸ்டி, பிறகு 2019 பிப்ரவரியில் டிராய் என்ற தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் புதிய விலை முறை. அந்த முறையில்தான் இன்று எல்லாரும் கட்டுகிறோம். அது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தவர்கள் கிராமத்தில் மிகக் குறைவு.

உங்கள் கேபிள் அல்லது டிடிஎச் கட்டணத்தில் மூன்று பகுதி. ஒன்று, இணைப்புக் கட்டணம்: இலவச அலைவரிசைகளைக் கொண்டுவந்து சேர்ப்பதற்கு. 2019இல் இதன் உச்ச வரம்பு 130 ரூபாய் என்று வைத்தார்கள். 2020இல் அதே 130 ரூபாய்க்கு 200 அலைவரிசை தர வேண்டும் என்றார்கள். 2024 ஜூலையில் வரம்பையே எடுத்துவிட்டார்கள். இரண்டு, கட்டண அலைவரிசைகளின் விலை: தனித்தனியாகவும் எடுக்கலாம், தொகுப்பாகவும் எடுக்கலாம். தொகுப்பில் சேரும் அலைவரிசையின் தனி விலை 19 ரூபாயைத் தாண்டக் கூடாது என்பது 2022 நவம்பரில் வந்த விதி. மூன்று, இந்த இரண்டின் மேலும் 18 சதவீத ஜிஎஸ்டி.

இப்போது உட்கார்ந்து, வீட்டில் உண்மையிலேயே பார்ப்பது எந்தெந்த அலைவரிசை என்று எழுதுங்கள். ஒரு வாரம் கவனித்தால் தெரிந்துவிடும். பெரும்பாலான வீடுகளில் ஐந்தாறைத் தாண்டாது. தமிழ்ச் செய்தி அலைவரிசைகள் பெரும்பாலும் இலவசம், இணைப்புக் கட்டணத்துக்குள்ளேயே வந்துவிடும். மீதி மெகா தொடருக்கு ஒன்றிரண்டு, சினிமாவுக்கு ஒன்று. 19 ரூபாயில் மூன்று எடுத்தால் 57. இணைப்புக்குப் பழைய வரம்பான 130ஐயே வைத்துச் சேர்த்தால் 187. ஜிஎஸ்டியோடு 220 ரூபாய் 66 காசு. ஒன்றே போதும் என்றால் 149. ஜிஎஸ்டியோடு 175 ரூபாய் 82 காசு. மாதம் 45 ரூபாய் மிச்சம், வருடத்துக்கு 538 ரூபாய். நீங்கள் 300 கட்டிக்கொண்டிருந்தால் உங்கள் தொகுப்பில் பார்க்காத அலைவரிசைகள் இருக்கின்றன என்று பொருள். தனித்தனியாக எடுக்கும் உரிமை உங்களுக்கு உண்டு. “அப்படியெல்லாம் தர முடியாது” என்று கேபிள்காரர் சொன்னால் கோபப்பட வேண்டாம். அவரும் ஊர்க்காரர்தான், மேலே இருக்கும் நிறுவனம் கொடுத்த தொகுப்பைத்தான் அவர் விற்கிறார். விவரப் பட்டியலோடு பில் கேளுங்கள். அந்த நிறுவனத்தின் வாடிக்கையாளர் எண்ணை அவரிடமே வாங்கிப் பேசுங்கள். ஒரே தெருவில் பத்துப் பேர் சேர்ந்து கேட்டால் நடக்கும். மகளிர் குழுக் கூட்டத்தில் பேச வேண்டிய விஷயம் இது.

டிடி ஃப்ரீ டிஷ் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். 2004 டிசம்பரில் தொடங்கிய தூர்தர்ஷனின் இந்தச் சேவைக்கு மாதக் கட்டணமே இல்லை. டிஷ்ஷும் பாக்ஸும் ஒருமுறை வாங்கினால் போதும். வட மாநிலக் கிராமங்களில் கோடிக்கணக்கான வீடுகள் இதில்தான் டிவி பார்க்கின்றன. ஆனால் அதில் இடம்பிடித்திருப்பவை பெரும்பாலும் இந்தி அலைவரிசைகள். தமிழில் டிடி தமிழ் வரும். 2024 ஜனவரி வரை பொதிகை என்று இருந்ததுதான் அது. நம் வீடுகளில் பார்க்கும் தனியார் தொடர்கள் அதில் கிடைப்பது மிகக் குறைவு. செய்தி, பழைய பாட்டு, விவசாய நிகழ்ச்சி போதும் என்பவர்களுக்கு மட்டும் இது நல்ல வழி. வாங்குவதற்கு முன் ஏற்கெனவே வைத்திருப்பவர் வீட்டில் ஒரு மாலை உட்கார்ந்து பாருங்கள். இந்திக்காரர்களுக்குக் கிடைக்கும் இலவசச் சேவை தமிழ்க் கிராமத்துப் பாட்டிக்கும் அதே அளவில் கிடைக்க வேண்டும். பொதுப் பணத்தில் நடக்கும் சேவையிடம் அதைக் கேட்பது நம் உரிமை.

டிவியை நிறுத்திவிடுங்கள் என்று நான் எங்கும் எழுதவில்லை என்பதைக் கவனியுங்கள். நடக்க முடியாத பெரியவர்கள் இருக்கும் வீட்டில் பகல் முழுவதும் பேச்சுத் துணை அதுதான். அங்கே அலைவரிசையைக் குறையுங்கள், டிவியைக் குறைக்காதீர்கள். மாறாக, எல்லாரும் போனிலேயே தொடர் பார்க்கும் வீட்டில் கேபிளுக்கும் டேட்டாவுக்கும் இரண்டுக்கும் கட்டுவது வீண்.

போன்

பட்டன் போன் வைத்திருக்கும் அம்மாவுக்கு டேட்டா எதற்கு? இதே கேள்வியைப் பலர் கேட்ட பிறகு, 2024 டிசம்பரில் டிராய் ஓர் ஒழுங்குமுறை கொண்டுவந்தது: பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான ரீசார்ஜையும் நிறுவனங்கள் விற்க வேண்டும். 2025 ஜனவரியில் வந்த அவ்வகைத் திட்டங்கள் 84 நாளுக்கு 450 ரூபாயை ஒட்டி இருந்தன. 28 நாள் ரீசார்ஜை மூன்று முறை போட்டால் 600. வருடத்துக்கு ஐந்நூறு, அறுநூறு ரூபாய் வித்தியாசம். கடைக்காரர் இதைத் தானாகச் சொல்ல மாட்டார். “பேசுறதுக்கு மட்டும், நெட் வேண்டாம்” என்று கேளுங்கள். ஊரில் பிஎஸ்என்எல் சிக்னல் நன்றாக இருந்தால் அந்த விலையையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.

அறுவடைப் பணமோ ஆடு விற்ற பணமோ கையில் இருக்கும்போது வருட ரீசார்ஜ் போட்டுவிடுவது நான் பெரிதும் பரிந்துரைக்கும் வழி. டிடிஎச் வைத்திருந்தால் அதற்கும் வருடத் திட்டம் உண்டு. மின் கட்டணத்துக்கும் முன்பணம் கட்டலாம். வருமானம் பருவத்துக்கு வரும் வீட்டில் கட்டணமும் பருவத்துக்கு அமைந்தால்தான் வெறுங்கை மாதங்களில் வட்டிக்கு வாங்காமல் தப்பிக்கலாம்.

கணக்கிலிருந்து தானாகப் போகும் பணம்

உரிமைத் தொகை 1,000 ரூபாய் ஏறுகிறது. மறுநாள் 700தான் இருக்கிறது. பாஸ்புக்கைப் பதிந்து எதற்குப் போயிற்று என்று பாருங்கள். குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று பிடித்திருந்தால், கணக்கை அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரக் கேளுங்கள். அதற்கு இருப்புத் தேவையில்லை. ஸ்டேட் வங்கி 2020லேயே அபராதத்தைக் கைவிட்டது, இந்தியன் வங்கி 2025 ஜூலையில் கைவிட்டது. பிள்ளைகள் போனில் ஏதாவது ஓடிடிக்கு ஒருமுறை சம்மதம் கொடுத்திருந்தால் மாதாமாதம் போய்க்கொண்டிருக்கும். யுபிஐ செயலியில் ஆட்டோபே என்ற இடத்தில் நிறுத்தலாம். ஆனால் வருடத்துக்கு 20 ரூபாயும் 436 ரூபாயும் போவது பெரும்பாலும் அரசின் விபத்துக் காப்பீடும் ஆயுள் காப்பீடும். அவற்றை நிறுத்த வேண்டாம். தலா இரண்டு லட்சம் ரூபாய்க்கான காப்பு அவை. கையிலிருந்து போகும் பணத்திலும் ஒரு கவனம்: கேஸ் போட வருபவருக்குத் தர வேண்டியது பில்லில் உள்ள தொகை மட்டுமே. கொண்டுவரும் கூலி அதற்குள்ளேயே இருக்கிறது.

பணம் போதாத மாதம்

எல்லாவற்றையும் கட்ட முடியாத மாதம் வந்தே தீரும். அப்போது முதலில் மின்சாரம். கெடு தாண்டினால் இணைப்பைத் துண்டிப்பார்கள். மறு இணைப்புக்குத் தனிக் கட்டணம், அலைச்சல். அடுத்து, வங்கிக்கும் ஆதாருக்கும் கொடுத்திருக்கும் போன் எண். அது மூன்று மாதத்துக்கு மேல் செயலற்றுக் கிடந்தால் எண்ணே கைவிட்டுப் போகலாம்; ஓடிபி வேறொருவருக்குப் போகும். குடும்பத்தில் இரண்டு போன் இருந்தால் இந்த எண்ணை மட்டும் விடாமல் காப்பாற்றுங்கள். வீட்டு வரியை முதலில் கட்டச் சொன்னது பணம் கையில் இருக்கும் காலத்துக்கு; இப்படிப்பட்ட மாதத்தில் அதுவும் தண்ணீரும் சில வாரம் பொறுக்கும், ஆனால் மார்ச் 31ஐத் தாண்டவிடாதீர்கள். டிவி கடைசி. ஒரு மாதம் நிறுத்திவைக்கப் போகிறோம் என்று கேபிள்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிட்டால் பாக்கி ஏறாது.

ஊருக்கே பொதுவான குறைக்குக் கிராமசபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய ஆறு நாட்களில் கூட வேண்டும். 2025 ஜனவரியில் 28 மாவட்டங்களில் ஊராட்சித் தலைவர்களின் பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர்கள் பொறுப்பேற்றபோது, யாரிடம் கேட்பது என்று மக்கள் குழம்பினார்கள். தலைவர் இல்லாவிட்டாலும் சபை உண்டு, கணக்கைக் கேட்கும் உரிமையும் உண்டு. அதே மாதத்தில் பல ஊராட்சிகளை நகராட்சிகளோடும் மாநகராட்சிகளோடும் இணைக்கும் அறிவிப்பு வந்தபோது, வரி ஏறும், நூறு நாள் வேலை போய்விடும் என்று பல ஊர்களில் எதிர்ப்பு எழுந்தது. உங்கள் ஊருக்கும் அப்படி அறிவிப்பு வந்தால் குறித்த நாளுக்குள் ஆட்சேபணையை எழுத்தில் கொடுத்தாக வேண்டும். கூட்டத்தில் சத்தம் போட்டது பதிவில் நிற்காது.

மனு எழுதத் தெரியவில்லை என்று யாரும் பின்வாங்க வேண்டாம். ஐந்து வரி போதும்: “எங்கள் ஊராட்சியில் குடிநீர்க் கட்டணம் மாதம் இவ்வளவிலிருந்து இவ்வளவாக உயர்த்தப்பட்டுள்ளது. இதற்கான தீர்மானத்தின் தேதியையும் எண்ணையும் தெரிவிக்கவும். கூலியை மட்டும் நம்பியுள்ள குடும்பங்களுக்கும் தனியாக வாழும் முதியோருக்கும் பழைய கட்டணமே தொடர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம்.” கீழே எத்தனை கையெழுத்து சேருமோ அத்தனை. கைநாட்டும் செல்லும். ஊராட்சியில் கொடுத்துப் பலனில்லை என்றால் திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் கூட்டம், அல்லது முதல்வரின் உதவி எண் 1100. எங்கே கொடுத்தாலும் இரண்டு பிரதி எடுத்துச் செல்லுங்கள். உங்கள் பிரதியில் முத்திரையும் தேதியும் போட்டுத் தந்த பிறகே அலுவலகத்தை விட்டு வெளியே வாருங்கள்.